வரிமீனும் இதயக் கதவும்

நீலமலையின் மேற்கு ஓரத்தில், கூடலூரினின்று நிலம்பூருக்குச் செல்லும் மலைப்பாதையில் அமைந்த ஊர் நாடுகாணி. மலைச்சரிவின் விளிம்பில் நிற்போர்க்குக் கீழே விரிந்து கிடக்கும் மலையாள நாடு கண்ணுக்குத் தோன்றும். நாட்டைக் காணத்தக்க இடமாதலின் நாடுகாணி எனப் பெயர் பெற்றது என்பர். ஒருபுறம் தேயிலைத் தோட்டங்கள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் பரந்து கிடக்கும். மற்றொருபுறம் அரிய மரஞ்செடிகளைப் பேணி வளர்க்கும் வனத்துறையின் மரபணுப் பூங்கா விளங்கும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை இங்கு வாரி வழங்கும். அம்மழையால் பெருகும் ஓடைகள் மேற்கு நோக்கி ஓடிச் சாலியாற்றிற் கலந்து, பேப்பூர் அருகே அரபிக் கடலை அடைகின்றன.

1880ஆம் ஆண்டையொட்டி வெளிநாட்டார் பலர் இப்பகுதிக்கு வந்தனர். தேவாலா, பந்தலூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பாறைகளில் பொன் மிகுதியாக உண்டு என்று எண்ணி, மலையைக் குடைந்தனர்; பெரும்பொருள் செலவிட்டனர்; எதிர்பார்த்த அளவு பொன் கிடைக்காமையால் சில ஆண்டுகளிலேயே மனம் தளர்ந்து மீண்டனர். பாறையைக் குடைந்த அவர்கள் அருகில் ஓடிய ஓடையைக் குனிந்து பார்த்திருப்பார்களோ, அறியோம். பார்த்திருப்பின், விரல் நீளமே உள்ள சிறுமீன்கள் கூட்டங்கூட்டமாக எதிர்நீச்சலிட்டுச் செல்வதைக் கண்டிருப்பர். பக்கங்களில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடும் அம்மீன்களுள் ஒன்றை மலபார் டேனியோ என மீனியலார் வழங்குவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழும் இம்மீனுக்கு, வடநாட்டு நீர்நிலைகளில் ஓர் உறவினன் உண்டு. வரிக்குதிரையைப் போல உடல் முழுதும் கோடு பெற்ற அவ்வுறவினனை வரிமீன் என அழைக்கலாம். உலகின் பெரிய ஆராய்ச்சிக் கூடங்களிலெல்லாம் இன்று அதற்கு இடம் உண்டு. பொன்னினும் அரிய அறிவுச் செல்வம் அச்சிறு மீனின் மார்புக்குள்ளே மறைந்து கிடக்கின்றமையே அதற்குக் காரணம்.

தேயிலைச் சரிவிலே ஏறிச் செல்லும் மூதாட்டி ஒருத்தியை மனக்கண்ணால் நோக்குக. சென்ற ஆண்டு வரை ஒரே மூச்சில் ஏறிய மேட்டை, இவ்வாண்டு மூன்று முறை நின்று நின்று ஏறுகிறாள். நெஞ்சு அடைக்கிறது; மூச்சு வாங்குகிறது; சில வேளை கண் இருள்கிறது. “வயது ஆகிவிட்டது, வேறென்ன?” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மேலும் நடக்கிறாள். அவள் கூறியது முழுப் பொய்யன்று. முழு உண்மையும் அன்று. வயது சென்றது உண்மையே. ஆயினும், அவ்வயது அவள் உடலுள் எங்குச் சென்று என்ன செய்தது என்பதன்றோ வினா? அவ்வினாவிற்கு விடை காண அறிஞர் அச்சிறு மீனை நாடினர். மூதாட்டியின் இதயத்திற்கும் மீனின் இதயத்திற்கும் உள்ள தொடர்பை இப்பாடத்திற் காண்போம்.

துருத்தியும் இதயமும்

கொல்லன் உலைக்களத்தில் துருத்தியைக் கண்டோர் பலர். தோலாலாய பை அது. அதனை விரிக்கும்போது காற்று உட்புகும்; அமுக்கும்போது அக்காற்று குழல் வழியே சென்று நெருப்பை மூட்டும். உட்புகுந்த காற்று வந்த வழியே திரும்பிப் போகாமைக்குக் காரணம், துளையின் உட்புறத்தே தொங்கும் சிறு தோல் துண்டேயாம். விரிக்கும்போது அது விலகி வழிவிடும். அமுக்கும்போது துளையை இறுக மூடும். அத்தோல் துண்டு இல்லையேல் கொல்லன் கை எத்துணை வலிதாயினும் உலை மூளாது.

மனித இதயமும் அத்தகைய துருத்தியே. மேலறை இரண்டும் கீழறை இரண்டுமாக நான்கு அறைகள் அதற்கு உண்டு. குருதி ஒரு திசையிலேயே செல்லுமாறு காக்கும் கதவுகளும் நான்கு. வலப்பக்க அறைகளுக்கிடையே மூவிதழ்க் கதவும், இடப்பக்க அறைகளுக்கிடையே ஈரிதழ்க் கதவும் உள்ளன. நுரையீரலுக்குச் செல்லும் தமனியின் வாயிலில் ஒன்றும், உடலெங்கும் குருதியைக் கொண்டு செல்லும் பெருந்தமனியின் வாயிலில் ஒன்றும் நிற்கின்றன. இக்கதவுகளை மருத்துவர் வால்வு என வழங்குவர்.

இவ்வால்வுகள் ஆற்றும் உழைப்பை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடும். நிமிடத்திற்கு 72 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் ஒரு லட்சத்து மூவாயிரத்திற்கும் மேலாகத் துடிக்கிறது. எழுபது ஆண்டு வாழ்வோர் மார்பில் ஒவ்வொரு வால்வும் ஏறத்தாழ 265 கோடி முறை திறந்து மூடுகிறது. வீட்டுக் கதவுக்கு ஆண்டுக்கொருமுறை எண்ணெய் இடுகின்றோம். பழுதுற்ற கீலை மாற்றுகின்றோம். இக்கதவோ ஒரு நொடியும் ஓய்வின்றி இயங்குகிறது. அதன் இதழின் கனம் ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இராது என்றால், இயற்கையின் கைவண்ணத்தை என்னென்பது!

இதழின் அமைப்பும் முதுமையும்

மெல்லிய இவ்விதழ் ஒரே தகடு அன்று, மூன்று அடுக்குகளாலாயது. கயிறு முறுக்கினாற்போல் அமைந்த கொலாஜன் நார்கள் ஓர் அடுக்கில் நின்று வலிமை தருகின்றன. பஞ்சணை போன்ற இடை அடுக்கு, அதிர்ச்சியைத் தாங்குகிறது. இழுத்து விட்டால் சுருங்கும் எலாஸ்டின் நார்கள் மற்றோர் அடுக்கில் அமைந்து, இதழ் மீண்டும் தன் நிலைக்கு வருமாறு செய்கின்றன. வலிமையும் மென்மையும் நெகிழ்ச்சியும் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தமையால்தான் இதழ் கிழியாமலும் தளராமலும் தன் கடமையைச் செய்கிறது.

இவ்வடுக்குகளைப் படைப்பவையும் பேணுபவையும் உயிரணுக்கள். அவை இருவகைப்படும். இதழின் மேற்புறத்தைப் போர்வை போல மூடியிருப்பவை உறையணுக்கள். குருதியின் வேகத்தையும் உராய்வையும் முதலில் உணர்பவை அவையே. இதழின் உள்ளே நார்களிடையே வாழ்பவை இடையணுக்கள். தேய்ந்த நாரை நீக்கிப் புது நாரை நெய்பவை அவை. உறையணு காவலன், இடையணு நெசவாளி. காவலன் உற்ற செய்தியைக் கூற, நெசவாளி அதற்கேற்பப் பணி செய்கிறான். இளமையில் இவ்விருவர்க்கும் இடையே ஒத்துழைப்புக் குறைவதில்லை.

முதுமையில் நிகழ்வது யாது? நார்கள் ஒழுங்கு குலைந்து மிகுகின்றன. நெகிழ்ச்சி தரும் எலாஸ்டின் சிதைகிறது. இதழ் தடிக்கிறது. சிலரிடத்துக் கொழுப்பு படிகிறது, அழற்சி தோன்றுகிறது, பின்னர்ச் சுண்ணாம்புச் சத்து படிந்து இதழ் கல்போல் இறுகுகிறது. நெடுநாள் எண்ணெய் காணாத துருத்தித் தோல் விறைத்துப் போவதை ஒத்தது இது. பெருந்தமனி வால்வு இவ்வாறு இறுகினால், அது முழுதும் திறவாது; குறுகிய வழியே குருதியைத் தள்ளக் கீழறை பெரிதும் உழைக்க வேண்டியதாகும். அதன் விளைவே மூச்சு முட்டலும், நெஞ்சு வலியும், மயக்கமும்.

சுண்ணாம்பு படிதல் என்பது, கிணற்றுக் குழாயில் உப்புப் படிவது போன்ற செயலற்ற நிகழ்ச்சி என்று முன்னர்க் கருதினர். அஃது அன்று என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டியது. இதழின் உள்ளிருக்கும் இடையணுக்களுள் சில, தம் தொழிலை மறந்து, எலும்பை உண்டாக்கும் அணுக்களைப் போல நடக்கத் தலைப்படுகின்றன. நெசவாளி தறியை விட்டெழுந்து கொத்தனாகிச் சுவர் எழுப்பினால் துணி என்னாகும்? அதுவே வால்விற்கும் நேர்கிறது.

ஒரு சுவடி, பல ஓதல்

உயிரணு தன் தொழிலை மறப்பது எவ்வாறு? இதனை அறிய ஓர் உவமை உதவும். ஓர் ஊரில் உள்ள எல்லா வீடுகளிலும் ஒரே ஓலைச்சுவடிக் கட்டு இருப்பதாகக் கொள்க. உழவன் வீட்டில் உழவு பற்றிய ஏடுகளை மட்டும் அவிழ்த்துப் படிக்கின்றனர். தச்சன் வீட்டில் தச்சு பற்றிய ஏடுகளையே படிக்கின்றனர். சுவடி ஒன்றே, படிக்கும் பகுதி வேறு. நம் உடலின் உயிரணுக்களும் அத்தகையனவே. இதய அணுவிலும் எலும்பணுவிலும் உள்ள மரபணுத் தொகுதி ஒன்றே. எந்த அணுவில் எந்த மரபணு விழித்துச் செயற்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் தொழில் அமைகிறது. வால்வு அணு எலும்பு பற்றிய ஏட்டைப் படிக்கத் தொடங்குவதே அதன் தடுமாற்றம்.

2005ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர், தலைமுறை தலைமுறையாகப் பெருந்தமனி வால்வு நோய் தொடர்ந்து வந்த குடும்பங்களை ஆராய்ந்தனர். நாட்ச்-1 என்னும் மரபணுவில் நேர்ந்த பிழை அந்நோய்க்குக் காரணமாதலைக் கண்டனர். எலும்பு பற்றிய ஏட்டை அவிழ்க்காமல் காக்கும் காவல்களுள் ஒன்று அம்மரபணு. காவல் தவறியவிடத்துச் சுண்ணாம்பு புகுந்தது.

இவ்வளவும் அறிந்த பின்னரும் ஓர் இடர்ப்பாடு நின்றது. உயிருடன் உள்ள மனிதனின் வால்வை அறுத்தெடுத்து ஆண்டுதோறும் நோக்க முடியுமோ? அறுவை மருத்துவர் நீக்கும் வால்வுகளோ முன்னரே கெட்டுப்போனவை. எரிந்து முடிந்த வீட்டின் சாம்பலைக் கிளறி, முதற்பொறி விழுந்த இடத்தைத் தேடுவது போன்றது அவற்றை ஆராய்வது. தீ மூளும்போதே காணவேண்டும் எனின், வாழ்நாள் குறுகியதும், மார்பு எளிதிற் காணத்தக்கதுமாகிய ஓர் உயிர் வேண்டும்.

அறிஞர் நாடிய சிறுமீன்

பெரிய உண்மையை அறியச் சிறிய உயிரை நாடுவது புதிய வழக்கமன்று. குருதி உடலெங்கும் சுற்றி வருகிறது என்பதை 1628ஆம் ஆண்டில் நூல் எழுதி நிலைநாட்டிய ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, மனித உடலை மட்டும் ஆராய்ந்தாரல்லர். பெரிய விலங்குகளின் இதயம் கண்ணிமைக்கும் நேரத்தில் துடித்து விடுவதால் அதன் இயக்கத்தைப் பிரித்தறிய முடியாமல் அவர் தொடக்கத்தில் மயங்கினார். பின்னர், மெல்லத் துடிக்கும் இதயமுடைய மீன், தவளை முதலியவற்றை நோக்கினார். உடல் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் சிற்றிறால் ஒன்றின் இதயம் உள்ளே துடிப்பதையும் கண்டு தெளிந்தார்.

ஹார்வி வாழ்ந்த காலத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர், பிரான்சிஸ் புகேனன் ஹாமில்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் இந்தியாவிற் பணியாற்றினார். 1800, 1801 ஆகிய ஆண்டுகளில் சென்னையினின்று புறப்பட்டு மைசூர், கோயம்புத்தூர், மலையாளம் ஆகிய நாடுகளைச் சுற்றி அவர் எழுதிய பயண நூல் புகழ்பெற்றது. அவரே பின்னர்க் கங்கையாற்று மீன்களைத் தொகுத்து ஆராய்ந்து, 1822ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். வரிமீன் அறிவுலகிற்கு அறிமுகமானது அந்நூலிலேயேயாம். அதன் அறிவியற் பெயர் டேனியோ ரெரியோ.

இந்தியா, நேபாளம், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் ஆழமற்ற ஓடைகளிலும், குளங்களிலும், நெல் வயல்களிலும் வாழும் இம்மீன் மூன்று அல்லது நான்கு சென்டிமீட்டர் நீளமே உடையது. நெடுங்காலம் கண்ணாடித் தொட்டியில் அழகுக்காக வளர்க்கப்பட்டது. அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்டிரைசிங்கர் என்பார், 1970ஆம் ஆண்டுகளில் இதனை மரபியல் ஆராய்ச்சிக்கு உரியதாக்கினார். 2013ஆம் ஆண்டில் இதன் மரபணுத் தொகுதி முழுதும் வெளியிடப்பட்டது. மனித மரபணுக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதிற்கு இணையான மரபணு இம்மீனிடத்தும் உண்டு என்பது அப்போது புலனாயிற்று. வயல் நீரில் துள்ளும் மீனும் வரப்பில் நடக்கும் மனிதனும் ஒரு சுவடியின் இரு படிகளே என்று கூறினும் பொருந்தும்.

கதவு பிறக்கும் காட்சி

வரிமீன் தன் முட்டைகளை நீரில் இடுகிறது. முட்டையும் அதனுள் வளரும் கருவும் கண்ணாடி போன்றவை. ஆதலின் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, உயிருக்கு ஊறு செய்யாமலே உள்ளுறுப்புகளைக் காணலாம். கருவுற்ற ஒரு நாளைக்குள் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. இன்னுமொரு வசதியும் உண்டு. மிகச் சிறிய உடலாதலின் தோலின் வழியாகவே உயிர்வளி உட்புகும். இதயம் பழுதுபட்ட கருவும் அதனால் சில நாள் உயிர் வாழும். குறையை ஆராய அறிஞர்க்குக் காலம் கிடைக்கும்.

மீனின் இதயத்தில் மேலறை ஒன்றும் கீழறை ஒன்றுமே உள்ளன. அவற்றிற்கிடையே முதலில் கதவு இல்லை. குறுகிய வாயில் மட்டுமே இருக்கும். அவ்வாயில் வழியே குருதி முன்னும் பின்னும் அலைகிறது. அவ்வலைவை உணர்ந்த உறையணுக்கள் தட்டை வடிவம் நீங்கிக் கனசதுர வடிவம் பெறுகின்றன. பின்னர் உட்புறம் மடிந்து வளர்ந்து இதழாகின்றன. வாரங்கள் செல்லச் செல்ல இடையணுக்கள் இதழினுள் நிறைந்து அதற்கு உரம் ஊட்டுகின்றன.

குருதியின் அலைவுதான் கதவைப் படைக்கிறதோ என்று அறிஞர் ஐயுற்றனர். அமெரிக்காவின் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தார் 2003ஆம் ஆண்டில் ஓர் அரிய சோதனை செய்தனர். கண்ணுக்குப் புலப்படாத அளவுடைய கண்ணாடி மணியொன்றை மீன் கருவின் இதய வாயிலில் வைத்துக் குருதி ஓட்டத்தைத் தடுத்தனர். இதயம் துடித்தது, ஆனால் வால்வு உருவாகவில்லை. ஆற்றின் போக்கை அடக்குவது மதகு என்பதை நாம் அறிவோம். இங்கோ ஆறே தன் மதகைக் கட்டுகிறது! குருதியின் விசையே அணுக்களுக்குக் கட்டளையாகிறது என்னும் உண்மை இதனால் துலங்கியது. அவ்விசையைத் தவறாக உணர்ந்தாலும், உணரும் ஆற்றல் முதுமையிற் குன்றினாலும், இதழ் கெடுவதற்கு அது வழியாகும் என்று அறிஞர் கருதுகின்றனர்.

மீனின் முதுமை

மீனுக்கும் முதுமை உண்டோ எனின், உண்டு. பேணி வளர்க்கும் தொட்டியில் வரிமீன் ஏறத்தாழ மூன்றரை ஆண்டு வாழும். சில ஐந்தாண்டும் வாழும். மூன்று திங்களில் முட்டையிடும் பருவம் அடையும். வயது முதிர்ந்த மீனுக்கு முதுகு வளைகிறது. அணுக்களில் முதுமைக் குறிகள் தோன்றுகின்றன. மனிதனுக்கு எழுபது ஆண்டில் நிகழ்வதை ஒத்த மாற்றங்களை இங்கே மூன்று ஆண்டிற் காணலாம். ஒரே ஆராய்ச்சியாளர் தம் வாழ்நாளில் பல தலைமுறை மீன்களின் பிறப்பையும் வளர்ச்சியையும் முதுமையையும் கண்டு ஒப்பிடலாம்.

இளமீனின் வால்வையும் முதுமீனின் வால்வையும் எடுத்து, ஒவ்வோர் அணுவையும் தனித்தனியே பிரித்து, எந்த அணு எந்த ஏட்டைப் படித்துக் கொண்டிருந்தது என்று அறியும் முறை இன்று கைகூடியுள்ளது. ஊர் முழுதும் இரைச்சல் என்று கூறுவதற்கும், எந்த வீட்டில் யார் என்ன பேசினர் என்று கூறுவதற்கும் உள்ள வேறுபாடு பழைய முறைக்கும் இம்முறைக்கும் உண்டு. காவலன் முதலில் தளர்கிறானோ, நெசவாளி முதலில் தடுமாறுகிறானோ, அழற்சி முன்னே செல்ல நார் பின்னே தடிக்கிறதோ என்னும் வரிசையை இவ்வாறு தேடுகின்றனர். வரிசை தெரிந்தாலன்றி மருந்திட வேண்டிய இடம் தெரியாது. வால்வு இறுகுவதைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்றுவரை கிடைக்கவில்லை; அதனாலேயே இத்தேடல் மதிப்புடையதாகிறது.

மீனிடத்து மற்றொரு வியப்பும் உண்டு. 2002ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர அறிஞர், வரிமீனின் கீழறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதியை வெட்டி நீக்கினும், இரண்டு திங்களில் அது மீள வளர்வதைக் கண்டனர். மனித இதயம் காயமுற்றால் தழும்பே எஞ்சும். மீனுக்கோ புதுத் தசை வளர்கிறது. ஜெர்மனி நாட்டின் மாக்ஸ் பிளாங்க் இதய, நுரையீரல் ஆராய்ச்சி நிலையத்தார் 2020ஆம் ஆண்டில், வளர்ந்த மீனின் வால்வு அணுக்களை அழித்த பின்னரும் வால்வு மீண்டும் உருவாவதை விளக்கினர். நம் நாட்டிலும் புனே நகர அகர்க்கர் ஆராய்ச்சி நிலையம், ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையம் முதலியவற்றில் வரிமீன் ஆராய்ச்சி நடைபெறுகிறது. இந்திய வயல்களில் பிறந்த மீன், உலகைச் சுற்றி மீண்டும் தாயகம் வந்தது போலும்!

ஆயினும் மீன் மீனே, மனிதன் மனிதனே. நமக்கு அறைகள் நான்கு, அதற்கு இரண்டு. நம் குருதியழுத்தம் மிகுதி, அதனுடையது குறைவு. மீனிடத்துக் கண்டது மனிதனிடத்தும் உண்டோ என்று மீண்டும் ஆராய்ந்த பின்னரே அறிஞர் அதனை ஏற்பர். ஆராய்ச்சிக்காக உயிர்களைத் துன்புறுத்துவதற்கும் வரம்பு வேண்டும். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், விலங்குகள் மீது செய்யும் சோதனைகளைக் கண்காணிக்கக் குழு அமைக்க வழிவகுத்துள்ளது. பிற உயிரினின்றும் அறிவு பெறுவோர், அவ்வுயிர்க்குக் கடன்பட்டவர் என்பதை மறத்தல் ஆகாது.

கதவை மாற்றும் கலை

மருந்து பிறக்கும் வரை காத்திருக்க நோயாளியால் இயலாது. பழுதுற்ற கதவை நீக்கிப் புதுக்கதவு பொருத்தும் கலையை மருத்துவர் கண்டனர். 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் அறுவை மருத்துவரும், எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளரும் இணைந்து உருவாக்கிய செயற்கை வால்வு, ஈரிதழ் வால்வின் இடத்தில் வெற்றியுடன் பொருத்தப்பட்டது. கூண்டுக்குள் உருளும் பந்து போன்றது அது. ஆனால் அயல்நாட்டு வால்வு விலை மிக்கது; ஏழை நோயாளிக்கு எட்டாக் கனி.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் அறிஞர் குழு ஒன்று இக்குறையை நீக்க முனைந்தது. மருத்துவரும் பொறியாளரும் உடன் உழைத்தனர். முதலில் செய்த மாதிரிகள் சோதனையில் உடைந்தன, தேய்ந்தன, கைவிடப்பட்டன. தோல்வி கண்டு துவளாமல் மீண்டும் மீண்டும் முயன்றனர். நான்காம் மாதிரி நெடுஞ்சோதனையைத் தாங்கியது. ஆடுகளிலும் நன்கு இயங்கியது. 1990ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சாயும் வட்டத்தட்டு ஒன்று உலோக வளையத்துள் திறந்து மூடும் அமைப்புடையது அது. சென்னையைச் சார்ந்த டி.டி.கே. நிறுவனம் அதனைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றது. இதுவரை ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் மார்பில் அக்கதவு இடம் பெற்றுள்ளது. 2002ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் அலேன் கிரிபியர், மார்பைத் திறவாமலே குருதிக் குழாய் வழியே மடித்த வால்வைச் செலுத்திப் பொருத்தும் முறையையும் தொடங்கி வைத்தார்.

இளமையிற் காக்க வேண்டிய கதவு

வால்வு நோய் முதியோர்க்கே உரியது என்று இளையோர் எண்ணிவிடலாகாது. நம் நாட்டில் பலருடைய வால்வு கெடுவது பள்ளிப் பருவத்திலேயே. ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரால் தொண்டைப் புண் உண்டாகிறது. சிலர் அதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடுகின்றனர். புண் ஆறிவிடும், ஆனால் சில வாரங்களுக்குப் பின்னர்க் காய்ச்சலும், ஒரு மூட்டினின்று மற்றொரு மூட்டிற்குத் தாவும் வலியும் தோன்றலாம். நுண்ணுயிரை எதிர்க்க எழுந்த உடலின் படை, பகைவன் யார், உறவினன் யார் என்று மயங்கித் தன் இதய வால்வையே தாக்குகிறது. இதனை வாதக் காய்ச்சல் என்பர். மூட்டு வலி நீங்கிவிடும். வால்வின் வடுவோ நீங்காது. நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் எளியோர் மக்களையே இந்நோய் பெரிதும் பற்றுகிறது.

தொண்டைப் புண்ணைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்டிப் பெனிசிலின் பெற்றால் இத்தீங்கைத் தடுக்கலாம். வாதக் காய்ச்சல் ஒருமுறை வந்தோர், மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி இட்டுக்கொண்டு, பல ஆண்டுகள் மருத்துவர் சொற்படி நடத்தல் வேண்டும். வலி நின்றதும் ஊசியை நிறுத்துவோரே பின்னர் அறுவைக்கு உள்ளாகின்றனர். சிறு புண் என்று விட்டது பெருங்கேடாய் முடிகிறது.

நாடுகாணியின் தேயிலைச் சரிவில் மூச்சு வாங்க நின்ற மூதாட்டியை மீண்டும் எண்ணிப் பார்க்க. 1816ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் கண்ட இதயத் துடிப்புமானி, இன்று சிற்றூர் மருத்துவமனையிலும் உண்டு. அதனை அவள் மார்பில் வைத்துக் கேட்கும் மருத்துவர், கதவு திறந்து மூடும் இரு ஒலிகளுக்கிடையே இரைச்சல் ஒன்று எழின், வால்வு பழுதுற்றதோ என ஐயுறுவர். பின்னர் ஒலியலைப் படத்தால் உறுதி செய்வர். ஆனால் அதற்கு முன்னர் ஒரு செயல் நடைபெற வேண்டும். ‘வயது ஆகிவிட்டது’ என்று அவள் சொல்லும்போது, ‘அது வயது மட்டுமோ என்று மருத்துவரைக் கேட்போம், வாருங்கள் பாட்டி’ என்று கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பேரன் ஒருவனோ பேத்தி ஒருத்தியோ வீட்டில் இருத்தல் வேண்டும். கற்றவர் செய்யத்தக்க உதவி இதுவே.

ஓடையில் மீன் நீந்துகிறது. அதன் மார்பில் கடுகினும் சிறிய கதவு திறந்து மூடுகிறது. சரிவில் மூதாட்டி ஏறுகிறாள். அவள் மார்பிலும் அத்தகைய கதவு திறந்து மூடுகிறது. இரண்டும் ஒரு சுவடியின் இரு படிகள் என்பதை உணர்ந்தோர், சிறிய உயிரை எள்ளார். முதிய உயிரைக் கைவிடார்.